ஆறு நாள் பெட்டி

"தூங்கல மேடம்! மெத்தை எவ்வளவு சொகம்னு வாடிக்கையாளருக்கு நேர்ல காட்டிட்டிருந்தேன்."

"குறட்டையோடவா?" என்றார் முதலாளியம்மா.

மெத்தைக் கடையின் புது விற்பனையாளன் எழுந்து உட்கார்ந்து வாயோரத்தைத் துடைத்துக்கொண்டான். சேர்ந்து ஐந்து நாள்தான் ஆகிறது. கடையில் எல்லாருக்கும் அவன் 'புதுசு'. எதிரே கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, பாவம், அவன் எழுந்தால் மெத்தையைத் தொட்டுப் பார்க்கலாம் என்று இருபது நிமிஷமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

முதலாளியம்மா சிரித்த முகமாகவே ஒரு கடிதத்தை நீட்டினார். "நாளையிலேருந்து நீங்க வரவேண்டாம் தம்பி. உடம்பைப் பார்த்துக்கங்க."

புதுசு கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திங்கட்கிழமை நேர்காணலில், எந்தக் கடையிலும் தன்னைப் பத்து நாளைக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை என்று அவன் சொன்னபோது, தாரை தாரையாகக் கண்ணீர் விட்டு அங்கேயே வேலை உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் இதே அம்மாதான். "உத்தரவு என்கிட்ட பத்திரமா இருக்கட்டும், நீங்க போய் வேலையைப் பாருங்க" என்று ஆபீஸ் அக்கா அதை வாங்கி வைத்துக்கொண்டார். அப்படிப்பட்ட மனசு ஐந்தே நாளில் எப்படிக் கல்லாகும்?

வேலையைக்கூட விடுங்கள். காலையில் அவன் கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று சொன்னாளே! "இந்த வேலையும் போச்சுன்னா நான் கோவிச்சுக்கிட்டு எங்கம்மா வீட்டுக்கெல்லாம் போகமாட்டேன். உங்களைத்தான் எங்கம்மா வீட்டுக்கு அனுப்புவேன்." மாமியார் விடியற்காலை நாலு மணிக்கே வீட்டில் ஒருத்தர் விடாமல் எழுப்பிவிடுகிறவர்.

கிடங்கில் தலையணைக் குவியல்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார் வேன் ஓட்டும் அண்ணன்.

"என்னப்பா, மூஞ்சி தொங்குது?"

"வேலை போச்சுண்ணே."

வேன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "இவ்வளவுதானா? என்னை அஞ்சு தடவை நீக்கியாச்சு. பாரு, குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன்."

சுவரில் மாட்டியிருந்த நீலத் தகரப் பெட்டியைக் காட்டினார். "முதலாளியம்மாவுக்கு பீரியட்ஸ் வர்றதுக்கு முந்தி அஞ்சாறு நாள் ரொம்பக் கஷ்டம்ப்பா. தலைவலி, தூக்கமில்ல, தொட்டதுக்கெல்லாம் கோவம், தொடாததுக்கெல்லாம் அழுகை. டாக்டரம்மாகிட்ட போனாங்க. தேதியைக் குறிச்சு வைங்க, காபியைக் குறைங்க, உப்பைக் குறைங்க, தினமும் நடங்கன்னு சொன்னாங்க. எல்லாம் செய்யறாங்க, இப்ப எவ்வளவோ பரவாயில்ல. அதுக்கு மேல அவங்களா ஒரு சட்டம் போட்டுக்கிட்டாங்க. அந்த நாள்ல எழுதற உத்தரவு எதுவும் உடனே செல்லாது. நேரா இந்தப் பெட்டிக்குள்ள போயிடணும். எல்லாம் சரியானதும் எடுத்துப் படிப்பாங்க. சரின்னு பட்டா வெச்சுக்குவாங்க, இல்லன்னா கிழிச்சுடுவாங்க."

"எந்த உத்தரவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்! ஒரு தடவை கடையையே மூடறேன்னு எழுதிட்டாங்க. இன்னொரு தடவை, நான் மழையில நனைஞ்சு வந்ததைப் பார்த்து ஓன்னு அழுது, வேனை என் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க. ஆறு நாள் நான்தான் வேன் முதலாளி, தெரியுமா? ஏழாம் நாள் பழையபடி டிரைவர்."

போன உயிர் திரும்பி வந்தது புதுசுக்கு. "அட, இதானா விஷயம்! எனக்கு இது பழக்கம்தாண்ணே. எங்க வீட்டுல அவ திட்டினாலும், சரி, அந்த நாள் போலன்னு காதுலயே வாங்க மாட்டேன்."

"மாசத்துல எத்தனை நாள் திட்டுவாங்க?"

"முப்பது நாளும்."

வேன் அண்ணன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சரி, இன்னைக்கு அம்மா ரொம்பக் கத்தினாங்களோ?"

"சேச்சே. சிரிச்சுக்கிட்டேதான் கொடுத்தாங்க."

"சிரிச்சுக்கிட்டா?" வேன் அண்ணன் தலையைச் சொறிந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலிலிருந்து கட்டில் ஏற்றக் கூப்பிட்டார்கள். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓடினார்.

புதுசு கடிதத்தை நாலாக மடித்து நீலப் பெட்டிக்குள் போட்டு, அதற்கு இரண்டு தட்டும் தட்டிக்கொடுத்தான். மனசு லேசாகிவிட்டது. மனசு லேசானால் அவனுக்குக் கண் தானாகச் செருகும். கடைக்குள் போய், இருப்பதிலேயே பெரிய மெத்தையாகப் பார்த்து நீட்டி நிமிர்ந்து படுத்தான்.

"தம்பி! இன்னும் கிளம்பலையா நீங்க?"

கண்ணைத் திறந்தால் தலைமாட்டில் ஆபீஸ் அக்கா. கையில் அந்த நாலாக மடித்த கடிதம்.

"இதை யாரு பெட்டியில போடச் சொன்னது?"

"என்னக்கா, புதுசா கேக்கறீங்க?" என்று சாவகாசமாகப் புரண்டு படுத்தான் புதுசு. "அந்த நாள்ல எழுதின உத்தரவுதானே? எல்லாம் தெரியும். அம்மா பாவம், உடம்பு சரியானதும் அவங்களே எடுத்துக் கிழிச்சுடுவாங்க பாருங்க."

"அவங்களுக்கு அதெல்லாம் நேத்தே சரியாயிடுச்சு. இன்னைக்குக் காலையில பெட்டியைத் திறந்து, நிதானமா உட்கார்ந்து ஒண்ணுவிடாம படிச்சுட்டாங்க. வேணாம்னு ஒரே ஒரு உத்தரவைத்தான் கிழிச்சாங்க."

"பார்த்தீங்களா, நான் சொல்லல? எதைக் கிழிச்சாங்க?"

"திங்கட்கிழமை அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டாங்களே, உங்க வேலை உத்தரவு," என்றார் அக்கா. "அதைத்தான்."