கழுவிய மணலில் முளைத்த புல்

“அந்தச் சாக்கை அங்கேயே வைங்க மச்சான். கேட்டுக்குள்ள வந்துச்சு, நான் வீட்டை விட்டே போயிடுவேன்!”

தோளில் சாண எரு மூட்டையோடு நின்ற மைத்துனர் சிரித்தார். மனைவியின் அண்ணன்; பக்கத்து வீட்டுக்காரரும்கூட. “காஞ்ச எருதானே மாப்ள, கடிக்கவா போகுது? இந்தக் கட்டாந்தரையில சும்மா புல்லு வருமா?”

“சாணியில மொளைச்ச புல்லுல என் பொண்ணு தவழணுமா? சீச்சீ!”

அவன் இரண்டடி பின்வாங்கினான். மருந்துக்கடைக் கல்லாவில் ஒரு நோட்டைத் தொட்டாலே கை கழுவுகிறவன் அவன்.

வீட்டுக்குப் பின்னால் இருந்ததைத் தோட்டம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். கட்டட வேலைக்காரர்கள் விட்டுப்போன செங்கல் துண்டும் காரைக் கட்டியும்தான் மண். இரண்டு தடவை விதைத்த புல், சொறிநாய் முதுகு மாதிரி திட்டுத்திட்டாக எட்டிப் பார்த்துவிட்டுச் செத்துப்போனது.

“பாப்பா பொறந்தநாளுக்குள்ள வரலைன்னா சிமெண்ட் போட்டுடுவேன். கொத்தனார்கிட்ட சொல்லியாச்சு,” என்றாள் மனைவி. அவள் சொன்னதைச் செய்கிறவள். மகள் தவழப் பச்சையாக ஒரு மூலை வேண்டும் என்ற அவன் ஆசைக்கு அதுதான் கெடு.

மூன்றாவது தடவை கையுறை மாட்டிக்கொண்டு இறங்கினான். முழு இடத்தையும் கடப்பாரையால் புரட்டினான். குளியலறைச் சுவரோரம் ஆழத்தில் ஒரு பாறை மட்டும் ணங் ணங்கென்று அடம்பிடித்தது. விடுவானா? அதையும் குத்திப் பிளந்துவிட்டுத்தான் ஓய்ந்தான். பிறகு ஆற்று மணல் வாங்கி, வாளி வாளியாக அலசி, வெயிலில் காயவைத்துப் பரப்பினான். விதை தூவி, வடிகட்டிய குடிதண்ணீரை ஊற்றினான்.

புல் வந்தது. சுவரோரம் கிளம்பி, பாய் விரித்த மாதிரி தோட்டம் முழுக்கக் கரும்பச்சையாகப் படர்ந்தது. அவன் ஊரில் இல்லாத ஒரு வாரம் தண்ணீர் ஊற்ற மனைவி மறந்துபோனாள். அப்போதும் ஒரு நுனி வாடவில்லை.

“என்ன மாப்ள போட்ட?” மைத்துனர் வாயைப் பிளந்தார்.

“ஒண்ணும் போடல மச்சான். சுத்தம். அதுதான் உரம்.”

சாயங்காலக் காற்றில் மட்டும் லேசாக ஒரு வாடை வரும். மைத்துனர் வீட்டு எருக்குழிதான் என்று முகத்தைச் சுளித்து ஜன்னலைச் சாத்துவான்.

கொத்தனாரை வர வேண்டாம் என்று மனைவியே சொல்லிவிட்டாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. “நாளைக்குப் பாப்பா பொறந்தநாளுக்கு நாற்காலியே வேண்டாம். எல்லாரும் புல்லு மேலயே உக்காந்து சாப்பிடட்டும்!”

“அவ்வளவு பேர் வர்றாங்க. செப்டிக் டேங்க் தாங்குமாங்க? குடி வந்ததுலேருந்து தெறக்கவே இல்லையே,” என்றாள் மனைவி.

அந்த வார்த்தையைக் கேட்டதுமே அவனுக்கு உடம்பு கூசியது. உடனே கழிவு உறிஞ்சும் லாரிக்குச் சொல்லி அனுப்பினான்.

லாரிக்காரர் குளியலறையை ஒட்டிய பக்கவாட்டுச் சந்தில் தொட்டியின் மூடியை நெம்பத் தொடங்கினார். அவன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய்ப் புல்தரையில் உட்கார்ந்தான். குமட்டல் அடங்க, ஒரு புல்லைக் கிள்ளிக் கடித்தான். இளசாக, தித்திப்பாக இருந்தது.

“சார், இதுல எனக்கு வேலையே இல்ல,” சந்திலிருந்து குரல் வந்தது. “காலியா கெடக்கு. அடித்தரை தெரியுது!”

“பாத்தியா நம்ம வீட்டுச் சுத்தத்தை!” புல்லை மென்றபடியே மனைவியிடம் பெருமையாகச் சொன்னான்.

அவள் சந்தைப் பார்த்தாள். குளியலறைச் சுவரைப் பார்த்தாள். பிறகு, அசைந்துகொண்டிருந்த அவன் வாயைப் பார்த்தாள்.

“அப்போ நம்ம வீட்டுது எல்லாம் எங்கங்க போச்சு?”