கொடிக்கயிறும் முன்சக்கரமும்

காரின் முன்சக்கரங்களைத் திருப்பும் டை ராடை நானே மாட்டுகிறேன் என்று மாட்டி, நிச்சயதார்த்தத்துக்குப் பட்டுச்சேலையில் கிளம்பிய மனைவி சௌந்தரத்தை இளநீர்க் குவியலுக்குள் கொண்டுபோய் இறக்கியவர் குழந்தைவேலு. வண்டிதான் இடப்பக்கம் இழுத்தது, நான் நேராகத்தான் பிடித்திருந்தேன் என்று இன்றைக்கும் சொல்வார்.

அன்றிலிருந்து சௌந்தரம் எங்கே போனாலும் பஸ்தான். பக்கத்து இருக்கை காலியாக இருக்க ஓட்டும்போது, தான் வாடகைக்கார் டிரைவர் என்று அவருக்கே தோன்றியது.

ஒர்க்‌ஷாப்பில் விடக் கௌரவம் இடங்கொடுக்கவில்லை. துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து, டயர்களை ஒட்டி இழுத்துக் கட்டி, மண்ணில் மல்லாந்து கிடந்து அந்தக் கயிற்றின் கோட்டுக்குச் சக்கரங்களை நேர்செய்தார். ஈரத்துணிகள் நாற்காலிகளின்மேல் காய்ந்தன.

“இப்ப வர்றியா?” என்று கேட்டால், “பஸ்ஸுல சன்னலோரம் நல்லாக் காத்து வருதுங்க” என்பாள். “ரிப்பேர் எப்படி?” என்றால், “கழுவினீங்களா? பளபளன்னு இருக்குது” என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் வரவில்லை. வேறு வழியில்லாமல் காரில் ஏறி, கதவின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். ஏரிக்கரைச் சாலை ஆளரவமில்லாமல் நீண்டு கிடந்தது. குழந்தைவேலு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, தீபாராதனைக்கு நிற்பவர்போல உயர்த்தினார். கோடு போட்டதுபோல் கார் போனது. புளியமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

“சொல்லு, எப்படி?”

சௌந்தரம் கைப்பிடியை விட்டாள்.

“நேராப் போகுதுங்க. நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. இப்பக் கைய வைங்க.”