ஒரு முழம் மேடு

"இன்னும் எத்தனை கூடை களிமண் கொட்டணும் கெஸா? தோள்பட்டையே கழண்டுடும் போலிருக்கு." வெள்ளத்துக்குத் தப்ப வீட்டுக்கு அடியில் எழுப்பிய மண்மேட்டில் சோர்ந்து உட்கார்ந்தான் தாடெ.

"வடகடல் வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிருக்கு. ஒரு முழமாவது உசத்த வேணாமா?" என்றாள் மனைவி.

"எங்கப்பன் உசத்தினான், அவன் அப்பனும் உசத்தினான். பேசாம இந்தத் தீவை விட்டு அக்கரைக்குப் போய்ப் பிழைச்சிருக்கலாம்."

"ஆட்டையும் வீட்டையும் கடலுக்குக் குடுத்துட்டா? எழுந்திருய்யா!"

அப்போது படகிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். தோளில் லேப்டாப் பை.

"பல்கலைக்கழகத்துலேர்ந்து வர்றேன். ஆயிரம் வருஷம் முன்னாடி கடல் ஏறினப்போ இங்க இருந்தவங்க எப்படிச் சமாளிச்சாங்கன்னு இந்த மேட்டைத் தோண்டிப் பார்க்கணும்."

தாடெ கூடையை அவளிடம் நீட்டினான்.

"எதுக்கும்மா தோண்டிக்கிட்டு? இதைத் தூக்கிப் பாரு, தெரிஞ்சுடும்."