மேற்கே சூலம்

குடும்பத்தோடு கேரவனில் ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு முகாம் பார்த்துக் கொடுப்பதில் பாலகணேஷ் வைத்திருந்தது ஒரே ஒரு விதிதான். போனவர்கள் நினைத்தவுடன் திரும்பி வந்துவிடக் கூடாது.

அடையாறில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவனுடைய அலுவலகம். சுவர் முழுக்க மலையும் அருவியும். எதிரே பரத்வாஜும் அவன் மாமியார் விஜயலக்ஷ்மியும் உட்கார்ந்திருந்தார்கள். பரத்வாஜ் பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, குட்டிக் கழிப்பறை எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றியிருந்தான். நாலு நாள் அதை நிறுத்தித் தங்க நல்ல இடம் வேண்டுமாம்.

மயிலாப்பூரில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு வேனில் தூங்கப் பணம் கட்டுகிறதுகளே என்று பாலகணேஷ் மனதுக்குள் சிரித்தான்.

"தரை மட்டமா இருக்கணும். கரண்ட் பாயின்ட், நல்ல தண்ணி, டாய்லெட் டேங்க்கைக் காலி பண்ண வசதி..." என்று பரத்வாஜ் கைப்பேசியைப் பார்த்து வாசித்தான்.

"கும்பலா குடிக்கறவா யாரும் பக்கத்துல இருக்கப்படாது," என்றாள் மாமி.

"அப்ப கடலோரம் வேணாம் சார். உப்புக் காத்துல வண்டி துருப்பிடிச்சிடும்."

கடலோர முகாம் அருமையான இடம். ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்பதுதான் அதன் ஒரே குற்றம்.

"குடகு போங்க. காபித் தோட்டத்துக்கு நடுவுல அம்சமான இடம். சிக்னலே கிடையாது. உங்க ஆபீஸ்காரங்க நெனச்சாலும் உங்களைப் பிடிக்க முடியாது."

பரத்வாஜின் முகம் மலர்ந்துவிட்டது. மாமிக்கு வேறு கவலை.

"அங்கே நகையைப் பத்திரமா வைக்க முடியுமா? நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்கு லாக்கர்லேர்ந்து எடுத்தோம். எண்பது சவரன். திருப்பி வைக்க நாள் அமையலை, பீரோவுலயே கெடக்கு."

பாலகணேஷின் பேனா ஒரு கணம் நின்றது.

"காட்டுல நகை எதுக்கு மாமி? இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

லாக்கரில் வைக்கக்கூட நாள் பார்க்கிற கூட்டம்! இவர்களிடம் திருடினால் பாவமே கிடையாது என்று அவனுக்குத் தோன்றியது. இதுவரை மூன்று வீடு. ஒன்றிலும் அவன் மேல் சந்தேகம் வரவில்லை. இந்த எண்பது சவரன் மட்டும் கிடைத்தால் அலுவலகத்தை மூடிவிட்டு ஊரை விட்டே போய்விடலாம். மாட்டினால் பழைய மூன்றையும் சேர்த்துக் கிளறுவார்கள்தான். ஆனால் போயும் போயும் இதுகளிடமா மாட்டப் போகிறோம்?

இளக்காரம் ஏறிவிட்டால் மூளை கொஞ்சம் மந்தமாகத்தான் வேலை செய்யும். அது அவனுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து நாலு நாளுக்கு முகாம் பதிவானது. வியாழக்கிழமை காலை, ரசீதைக் கொடுக்கிற சாக்கில் வீட்டை நோட்டம் விடப் போனான் பாலகணேஷ். அங்கே வேன் புறப்படத் தயாராக நின்றது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். மாமியின் மகள் மதுவந்தி வாசல் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புக்கிங் நாளைக்குத்தானே மாமி?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, மேற்கே சூலம். அந்தத் திக்குல கிளம்பப்படாது. இன்னிக்குப் பத்தரைலேர்ந்து பதினொன்றரை வரைக்கும் நல்ல நேரம்."

தேங்காய் உடைந்தது. வேன் மெதுவாக நகர்ந்து தெருமுனையில் திரும்பி மறைந்தது. பாலகணேஷுக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. சூலத்துக்குப் பயந்து ஒரு நாள் முன்னாலேயே கிளம்பி, நடுவழியில் எங்கேயோ லாரிகளுக்குப் பக்கத்தில் தூங்கப் போகிறார்கள்! நாளைக்கு என்று வைத்திருந்த வேலையை இன்றைக்கே முடித்தால், நாளைக்குள் நகையை உருக்கியும் விடலாம்.

மதியம் இரண்டு மணி. ராகு காலம். அதையெல்லாம் பார்க்க அவன் என்ன மாமியா? தெருவே சாப்பிட்டுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தது. வாசல் பக்கம் போய் யார் கண்ணிலாவது படுவானேன் என்று பின்சந்து வழியாகச் சுவர் ஏறிக் குதித்தான். சமையலறைக் கதவின் தாழ்ப்பாள் ரொம்பவும் பழசு. கம்பியை விட்டு நெம்பியதும் கழன்றுவிட்டது.

உள்ளறையில் பீரோ. சாவி அதன் தலை மேலேயே இருந்தது. இந்த லட்சணத்தில் சூலம் வேறு பார்க்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே திறந்தான். நகைப்பெட்டி நல்ல கனம். மூடியைத் தூக்கிப் பார்த்தபோது பின்னால் ஏதோ அரவம் கேட்டது.

அறை வாசலில் விஜயலக்ஷ்மி மாமி, தூக்கக் கலக்கத்தில் கொண்டையை முடிந்தபடி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பரத்வாஜ், கழுத்தில் ஹெட்போனோடு.

"மாப்பிள்ளை, போலீஸுக்குப் போன் பண்ணுங்கோ!"

பெட்டி பாலகணேஷின் கையிலிருந்து நழுவியது.

"மாமி... நீங்க... காலைலயே கிளம்பிட்டீங்களே?"

"கிளம்பியாச்சே!" என்றாள் மாமி, கதவை இழுத்து வெளியே தாழிட்டபடி. "மாப்பிள்ளைக்கு லீவு நாளையிலேர்ந்துதான், அதனால நல்ல நேரத்துல பெட்டி படுக்கையோட வண்டியைக் கிளப்பிண்டு போய், அடுத்த தெருவுல எங்கண்ணா ஆத்து வாசல்ல நிறுத்திட்டு, நாங்க மட்டும் சாப்பிட ஆத்துக்குத் திரும்பிட்டோம்."