எனக்கு எட்டு வானம்

பனை உச்சியில் கட்டியிருந்த கலயத்தில் வாய் வைத்துவிட்டு, மிளகு என்ற அணில் கிறுகிறுவென்று சுற்றியது. "மச்சான், வானம் ரெண்டா தெரியுதுடா!"

"எனக்கு நாலு!" என்று சுருட்டை என்ற அதன் கூட்டாளி பனை மட்டையில் மல்லாந்தது.

புதிதாகச் சேர்ந்த தும்பை தயங்கியது. "குடிக்காட்டி நீ எங்க செட்டே இல்ல" என்றது மிளகு.

தும்பை குடித்தது. இனித்தது. வானம் ஒன்றாகவே இருந்தது. ஆனாலும், "எனக்கு எட்டு!" என்று கத்தி, வாலைப் பிடித்துக்கொண்டு ஆடியது.

பனையேறி அந்தக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தார். உள்ளே இருந்தது புளிக்காத பதநீர். மூன்று அணில்களுக்குமே போதை ஏறவில்லை. ஒன்றுகூட அதை வெளியே சொல்லவில்லை.

தனக்கு மட்டும்தான் ஏறவில்லை என்று தும்பைக்கு வெட்கமாகப் போயிற்று. "இதெல்லாம் பத்தாதுடா!" என்று பக்கத்துப் பனைக்குத் தாவி, அங்கே நுரைத்துக்கொண்டிருந்த கள்ளை மடமடவென்று குடித்தது. சிரித்துக்கொண்டே திரும்பத் தாவியது.

இப்போது நிஜமாகவே மட்டை இரண்டாகத் தெரிந்தது. இல்லாத மட்டையில் தும்பை கால் வைத்தது.

மிளகும் சுருட்டையும் கொஞ்சமும் தள்ளாடாமல், நேராகக் கீழே இறங்கி ஓடின.