வேற இனந்தான்

வெள்ளவத்தை வீட்டு மேசையில் இரண்டு காட்டு ஓர்கிட் பூக்கள் கிடந்தன. ஓர்கிட் சேகரிக்கும் நண்பர் துரை தந்தது ஒன்று, காட்டிலிருந்து நேற்று வந்தது ஒன்று. இரண்டும் ஒரே இனமென்று துரை அடித்துச் சொல்லியிருந்தார். வேறு வேறு என்பது நாகேந்திரத்தின் பிடிவாதம்.

"ஆக்கள் எல்லாரும் வந்திட்டினம்," என்றாள் மனைவி கனகேஸ்வரி.

"பூ வாட முதல் பார்த்து முடிக்க வேணும்."

பூதக்கண்ணாடியால் பார்த்து இதழ்களை அளந்தார், புள்ளிகளை எண்ணினார். எல்லாம் ஒன்றுதான். நேற்று வந்தது மட்டும் சற்றுக் கடும் நிறம். அது நிழலில் பூத்ததால் வந்தது. துரை சொன்னதே சரி.

"வேற இனந்தானே?"

"ஓம், வேறதான்," என்றார், நிமிராமல்.

கனகேஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப, இதைப் பிடுங்கப் போய் மரத்தால விழுந்த எங்கட பிள்ளையின்ர உயிர் வீணாப் போகேல்ல. எழும்புங்கோ, நீங்கள்தான் கொள்ளி வைக்க வேணும்."