மூன்றாவது பலகை

தோணிக்குள் மூன்றாவதாக ஓர் உட்காரும் பலகை ஏறியிருந்தது. காலையில் அது இல்லை.

அனுசுயா டீயைக் கீழே வைக்காமல் அதையே பார்த்தாள்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

அவள் புருஷன் முனீஸ் செல்போனில் தேடிப் பிடித்த வரைபடம் ஒற்றை ஆள் தோணிக்கானது. பாய்மரம் உண்டு, கவிழாமல் இருக்க ஒரு பக்கம் மிதவைக் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். சொந்த ஊரான தொண்டிக்குக் கொண்டுபோய்க் கடலில் விட வேண்டும் என்பது அவன் ஆசை.

பனியன் கம்பெனியில் அவன் பேட்டர்ன் மாஸ்டர். மீடியம் சைஸை டபுள் எக்ஸெல் ஆக்குவது அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. உடம்பு பெருத்தால் கழுத்தும் அதே அளவு பெருக்காது என்று சொல்லிக்கொண்டே, இரண்டு பேர் உட்காரும்படி தோணியின் நீளத்தைத் தாராளமாகவும் அகலத்தைக் கஞ்சமாகவும் கூட்டினான். மிதவைக்கு மட்டும் ஏறுகிற ஆட்களின் எடை தெரிய வேண்டுமாம். அவள் எடையையும் கேட்டுக்கொண்டான்.

அதுவரை சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் தோணி கட்டும் கொட்டகைக்குள் அவன் போன் பேசுவது காதில் விழுந்தது. “முப்பத்திரண்டு கிலோதானா? ஒழுங்கா சாப்பிடுதா இல்லையா?” என்றான். இவள் தலை தெரிந்ததும் போனை வைத்துவிட்டான்.

முப்பத்திரண்டு கிலோ என்றால் பெரிய ஆள் இல்லை. பிள்ளை.

ஞாயிறானால் பலகை பார்க்க வெள்ளகோவில் போகிறேன் என்று பைக்கை எடுத்தான். பலகைக் கடை திருப்பூரில் இல்லாததா? வெறுங்கையோடுதான் திரும்பினான். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே அவளுக்கு வாய் அடைத்துவிடும். அதனால் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததெல்லாம் நெஞ்சுக்குள் புளித்துக்கொண்டு கிடந்தது.

அங்கே அவனுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. இன்று பலகையைப் பார்த்ததும் அவளுக்கு அது உறுதியாகிவிட்டது.

“ஏனுங்க, இது யாருக்குங்க?”

உப்புத்தாளால் பலகையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

“யாழினிக்கு. லீவுக்கு அனுப்புறேன்னு அவ அப்பத்தா சொல்லிருச்சு. ஒன்ன மாதிரியே நெட்டக் காலு.”

டீ அவள் கையில் சிந்தியது. சுட்டது தெரியவில்லை.

அந்தப் பெயர் இந்த வீட்டில் ஒருநாளும் ஒலித்ததில்லை. முதல் கல்யாணத்தில் பிள்ளை இல்லை என்றுதான் அவள் அவனிடம் சொல்லியிருந்தாள். பிள்ளை இருக்கிறது என்றால் கட்டமாட்டான் என்று பயந்தாள். வெள்ளகோவில் வீட்டு வாசலில் பழைய மாமியார் இவள் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தியதை இன்றுவரை யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை.

அவன் முகத்தில் கோபத்தைத் தேடினாள். மரத்தூள்தான் ஒட்டியிருந்தது.

டம்ளரை வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு அவள் தோணிக்குள் இறங்கினாள். அந்தப் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். முழங்கால் குறுக்குக் கட்டையில் இடித்தது.

“வளர்ற புள்ளைங்க,” என்றாள். “இன்னும் ஒரு சாண் தள்ளிப் போடுங்க.”